கவசம் எதில் செய்வது? ஃபோமா, ஃபைபரா, காகிதக்கூழா, 3டி அச்சா?

வீட்டிலேயே சூப்பர் ஹீரோ கவசம் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அசல் இரும்பு மாதிரி தெரிய எதில் செய்யலாம்?" என்பதுதான். கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து யார் இதைக் கேட்டாலும், அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கறுப்பு அடிப்பூச்சின் மேல் வெள்ளியைத் தேய்க்கத் தெரிந்தவர் கையில் செருப்பு அட்டையும் இரும்பாகத் தெரியும். பொருளைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு மூன்று: போட்டுக்கொள்கிறவர் எவ்வளவு கனம் சுமக்கப் போகிறார், உள்ளே எவ்வளவு வேகப் போகிறார், கையையும் காலையும் எங்கே மடக்கப் போகிறார்.

இவற்றில் வெப்பத்தைத்தான் நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நாம் பார்த்துப் படிக்கும் செய்முறைகளில் பல, குளிர்நாடுகளில், குளிரூட்டிய அரங்குகளில் போட்டுக்கொள்ள எழுதப்பட்டவை. நம் கவசம் பள்ளி மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் கடற்கரையிலும் நிற்கப் போகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். அதன்மேல் காற்றுப் புகாத மூடாக்கு ஒன்றைப் போட்டால், நல்ல உடல்வாகு உள்ளவருக்கும் தலை சுற்றும்.

இரவு முழுக்கக் கவசம் அணிந்து ஆடுகிறவர்கள் இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டை வேடம் கட்டுகிறவரைப் பாருங்கள். தலையில் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி, மார்பில் பதக்கம். இவை கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியவை. கெட்டியானது அவ்வளவுதான். அக்குள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் துணி. துரியோதனன் சுழன்று ஆடும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு முழுக் கவசமாகத் தெரிகிறது. ஆடுகிறவர் உடம்பில் இருப்பது பாதிதான். கவசக் கலையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. கெட்டியானதைத் தலை, தோள், மார்பு ஆகிய இடங்களில் வையுங்கள். மடங்கும் இடங்களைத் துணிக்கும் வளையும் பொருளுக்கும் விட்டுவிடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு பொருளையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

பெரும்பாலானோர் செய்ய விரும்புவது அயன் மேன் கவசத்தை. 1963ல் காமிக்ஸில் முதன்முதலாக வந்தபோது அது சாம்பல் நிறத்தில் இருந்தது. உடனே தங்க நிறமாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் நாம் அறிந்த சிவப்பும் தங்கமுமாக மாறிவிட்டது. திரையில் அது நடமாடும் காட்சிகளில் பெரும்பகுதி கணினி வரைகலை. நடிகர் பல காட்சிகளில் மேல்பாகங்களை மட்டுமே அணிந்திருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையில் வயிற்றுத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் போவதைப் பார்த்து அப்படியே வெட்டினால், குனிந்த முதல் தடவையே உடையும். நிஜமான உடம்பு மடங்கும் இடத்தில் தகடு இருக்கக் கூடாது.

இனி எடைக் கணக்கு. பெரியவர் ஒருவரின் தோல் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். கவசம் உடம்பிலிருந்து சற்று விலகி நிற்பதாலும் ஒரு பாகம் இன்னொன்றின்மேல் ஏறுவதாலும் 2 சதுர மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. தடிமனுள்ள இவிஏ ஃபோமில் (செருப்பின் அடிப்பாகத்தில் இருக்கும் நுரைப்பொருள்) செய்தால் ஏறத்தாழ 2 கிலோ. கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்கிய 2 மி.மீ. ஃபைபரில் 6 கிலோ. 3 மி.மீ. சுவருடன், உள்ளே வெற்றிடம் விடாமல் 3டி பிரிண்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக்கில் 7 கிலோவுக்கு மேல். அரை மி.மீ. இரும்புத் தகட்டில் 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த முழுக் கவசம் மெல்லிய தகரத்தில் செய்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான கனம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிளாஸ்டிக் என்றாலே இலேசு என்று நினைத்து முழு உடம்புக்கும் அச்சிடத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தகரத்தையும் அலுமினியத் தகட்டையும் இத்தோடு விட்டுவிடலாம். வெட்டிய ஓரம் கத்தியாக இருக்கும்; வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடும்; இரட்டை வளைவு கொண்ட தோள்பட்டையைத் தட்டி எடுக்கத் தேர்ந்த தட்டுவேலைக்காரர் வேண்டும். தெர்மாகோல் அலங்கார மேடைக்கு ஏற்றது. உடம்பில் கட்டினால் உதிரும், ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரையும். சன்போர்டு என்று விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் பலகை தட்டையான பாகங்களுக்குப் பரவாயில்லை. முழங்கால் மூடிக்கும் தலைக்கவசத்துக்கும் அதை நம்ப வேண்டாம்.

மீதி நான்கும் நின்று பேச வேண்டியவை. முதலில் ஃபைபர், ஏனென்றால் நம் கரையில் அந்தத் தொழில் தெரிந்த கைகள் நிறைய உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மீனவக் கிராமங்களுக்கு ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்தன. அன்றிலிருந்து தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வீராம்பட்டினம் என எங்கே போனாலும் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர் ஒருவர் இருப்பார். கண்ணாடி இழை மேட்டை எப்படிக் கிழித்து வைப்பது, ரெசினைத் தூரிகையால் எப்படிக் குத்தி ஊற வைப்பது, காற்றுக் குமிழியை எப்படி வெளியேற்றுவது என்பதை எந்தக் காணொலியையும்விட அவர்கள் கைகளைப் பார்த்துத் தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம். அண்ணன் என்று அழைத்து, மரியாதையாகக் கேட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

வீட்டில் செய்கிறவர்களின் வழக்கமான முறை, கணினியில் உள்ள வடிவத்தைத் தட்டையான காகிதத் துண்டுகளாகப் பிரித்து, சதுர மீட்டருக்கு 200 கிராம் கனமுள்ள அட்டையில் அச்சிட்டு, மடித்து ஒட்டி, வெளியே ரெசின் பூசி, உள்ளே மேட் ஒட்டுவது. பிறகு வெளிப்பக்கம் கார் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கிடைக்கும் பலன் அருமையானது. கூரான விளிம்பு, கண்ணாடி போன்ற பரப்பு, கீழே விழுந்தாலும் தாங்கும் வலு. ஒரு தலைக்கவசத்துக்கு இந்த உழைப்பு தகும். முழு உடம்புக்கும் இதைச் செய்கிறவர் தேய்ப்பதிலேயே மாதங்களைக் கழிப்பார். இன்னொரு சிக்கல் அட்டை. ரெசின் ஒரு பக்கம் காயும்போது அட்டையை இழுக்கும். தாடைப் பக்கம் விரிந்துபோய்த் தலைக்கவசம் கோணும். பூசுவதற்கு முன்பே உள்ளே குறுக்கு அட்டைப் பட்டைகளை ஒட்டி அகலத்தைப் பிடித்துவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அட்டை தானே ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். அந்த மாதங்களில் இந்த முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

ரெசின் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் அதற்கு மேல். அடுப்பு எரியும் வீட்டுக்குள், விளக்கேற்றிய பூஜையறைக்குப் பக்கத்தில், மூடிய மாடி அறையில் அதைத் திறக்கக் கூடாது. ரெசினைக் கெட்டியாக்க ஊற்றும் கேட்டலிஸ்ட்டையும், அதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் சேர வேண்டும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மருத்துவமனை முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிமச் சல்லடை உள்ள சுவாசக் கவசம் வேண்டும். காய்ந்ததைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்த்தால் குறையும். பள்ளிப் பிள்ளைகள் இந்த முறையைத் தொடவே வேண்டாம். இவ்வளவையும் செய்ய முடியாத வீட்டுக்கு ஃபைபர் ஏற்றதல்ல, எவ்வளவு அழகாக வந்தாலும்.

இவிஏ ஃபோம்தான் உடம்புக்கு என் தேர்வு. செருப்பின் அடிப்பாகத்திலும், குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் வண்ணப் பாய்களிலும் இருப்பது இந்தப் பொருள்தான். காலணிப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையக் கடைகளிலும் 2 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை தாளாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ஏமாற வாய்ப்பு உண்டு. டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைத்தாள் பாலிஎத்திலீன். அது சரசரக்கும், பசை பிடிக்காது, சூடு காட்டினால் சுருங்கிவிடும். யோகா பாய்களிலும் பல வேறு பொருளில் செய்தவை. இவிஏவை நகத்தால் அழுத்தினால் மெல்ல மீண்டு வரும். வெட்டிய முகம் மாவுபோல நுணுக்கமாக இருக்கும்.

வேலை முறை தையற்காரர் முறை. உடம்பில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, கவசத்தின் கோடுகளை அதிலேயே வரைந்து, நண்பர் ஒருவரை விட்டு முதுகுப் பக்கம் கவனமாக வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கோடுகளில் வெட்டித் தரையில் விரித்தால் உங்கள் அளவுக்கே ஆன மாதிரி கிடைத்துவிடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் வேறொருவர் தோளுக்கு அளந்தவை. பிறகு கூரான கத்தி. இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் வேலையின் நேர்த்தியே இதில்தான் இருக்கிறது. மழுங்கிய கத்தி ஃபோமைக் கிழிக்கும். கிழிந்த ஓரம் என்ன பூசினாலும் தெரியும். கத்தியை நேராக நிறுத்தி வெட்டினால் தட்டையாகச் சேரும். 45 டிகிரி சாய்த்து வெட்டி ஒட்டினால் மூலை கிடைக்கும். உட்பக்கம் பள்ளம் கீறினால் அங்கே மடியும்.

வளைவுக்குச் சூடு வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவி போதாது. அதைவிடச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் தேவை. ஃபோமின் மேல் சூடு காட்டினால் சற்று நேரத்தில் மினுமினுக்கும். அந்தக் கணத்தில் குடத்தின் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்தால், ஆறியதும் தோள்பட்டையின் வளைவு அப்படியே நிற்கும். முழங்கால் மூடிக்குச் சொம்பு, முன்கைக்குக் குழாய். அதே சூடு மேற்பரப்பின் நுண்துளைகளையும் மூடுவதால் பெயின்ட் உள்ளே இழுபடாது. ஒட்டுவதற்கு, தச்சர்கள் மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் வகைப் பசை. இரண்டு பக்கமும் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, கையில் ஒட்டாத நிலையில் சேர்த்து அழுத்த வேண்டும். ஒருமுறை சேர்ந்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. குளூ கன் வேகமானது, கைக்கு எளிது. ஆனால் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அந்தப் பசை இளகி மூட்டு திறந்துகொள்ளும். ரப்பர் பசையின் ஆவியும் நல்லதல்ல. சன்னல்களைத் திறந்துவைத்து, நெருப்பில்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். பசை முழுதாகக் காயாமல் ஹீட் கன்னை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

ஃபோமின் குறைகளையும் சொல்ல வேண்டும். விளிம்பு ஃபைபர் அளவுக்குக் கூராக வராது. நகம் பட்டால் தழும்பு விழும். காற்றுப் புகாத நுரை என்பதால் வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். கடைசிக் குறைதான் நமக்கு முக்கியம், அதற்குத் தீர்வும் இருக்கிறது: முதுகை முழுதாக மூடாதீர்கள், அக்குளைத் திறந்துவிடுங்கள், மார்புத் தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் சிறு ஃபோம் துண்டுகளை வைத்து ஒரு விரல் இடைவெளி விடுங்கள். காற்று கீழே நுழைந்து கழுத்து வழியாக வெளியேற அது போதும். பெயின்ட் விஷயத்தில், வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து மூன்று நான்கு முறை பூசி அடிப்பூச்சாக்குகிறார்கள். மலிவான நல்ல வழிதான், ஆனால் அந்தப் பசை ஈரத்தில் மறுபடி இளகும். உள்பக்கம் அதைப் பூசாதீர்கள்; வெளிப்பக்கம் அதன்மேல் தண்ணீர் தாங்கும் அக்ரிலிக் பூச்சு கொடுங்கள். கார்களுக்கு அடிக்கும் கெட்டி லேக்கர் மடியும் இடங்களில் வெடித்துப் பொரிந்துவிடும்.

3டி பிரிண்டர் இன்று எல்லோரையும் இழுக்கிறது. நுணுக்கத்தில் அதை எதுவும் வெல்ல முடியாது. மார்பு வளையம், கண் சட்டம், விரல் கணுக்கள் போன்ற சிறு பாகங்களை அதற்கே விட்டுவிடலாம். ஆனால் வீட்டு பிரிண்டர்கள் பலவற்றின் அச்சிடும் தளம் சுமார் 220 மி.மீ. சதுரம்தான். பெரியவர் தலைக்கவசத்தைத் துண்டுகளாக்கித்தான் அச்சிட முடியும். ஒரு தலைக்கவசத்துக்கே ஒன்றிரண்டு நாள் இடைவிடாமல் ஓடும். முழுக் கவசத்துக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம். அடுக்குக் கோடுகளைப் பட்டி வைத்துத் தேய்க்கும் வேலை ஃபைபருக்குச் சமம். நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு கவனங்கள் உண்டு. வழக்கமாகப் பயன்படுத்தும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அந்த அளவை எட்டும். அதில் வைத்த முகமூடி நிகழ்ச்சிக்கு முன்பே கோணிவிடும். சுமார் 80 டிகிரி வரை தாங்கும் பெட்ஜி என்ற பிளாஸ்டிக் வகை ஒரு படி மேல். இரண்டாவது, பிளாஸ்டிக் இழை கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான இழையில் அச்சிட்டால் நூல் நூலாக வழியும், பாகமும் வலுவிழக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் இழைச் சுருளை வைக்க வேண்டும். சொந்தமாக பிரிண்டர் இல்லாதவர் முழுக் கவசத்தையும் வெளியே கொடுத்து அச்சிடுவதை நான் ஆதரிக்கவில்லை. சிறு பாகங்களுக்குக் கொடுக்கலாம்.

காகிதக்கூழை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம். புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வில்லியனூர் சுடுமண் வேலைக்குக் கிடைத்ததைப் போலவே. பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. களிமண்ணில் முகம் பிடிப்பதும் அச்சில் ஒற்றி எடுப்பதும் பக்கத்து ஊர்த் தொழிலாக இருக்கும்போது, தலைக்கவசத்துக்கு மாதிரி தேடி வெளிநாட்டுக் கடைகளைப் புரட்ட வேண்டிய அவசியம் என்ன?

முறை எளியது. தலை அளவைவிட ஒரு விரல் பெரிதாகக் களிமண்ணில் வடிவம் செய்து, அதன்மேல் எண்ணெய் தடவி, செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்து ஒன்றின் குறுக்கே ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் அடுக்கு வெள்ளைத்தாள், அடுத்தது செய்தித்தாள் என்று மாற்றினால் எங்கே விட்டுப்போயிற்று என்பது தெரியும். பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது, பூஞ்சை பிடிக்காது. அது விஷம், ஆகவே கலக்குவது பெரியவராக இருக்கட்டும், கையுறையும் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகள் ஒட்டும் பசையில் அது வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாக அறுத்துக் களிமண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினால் ஓடு தயார். மேலே சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துப் பூசித் தேய்த்தால் வழவழப்பு வரும். மாசி முதல் ஆனி வரை வெயில் இருக்கும்போது செய்வது நல்லது. மழைக்காலத்தில் உள் அடுக்கு காயாமல் நாற்றம் எடுக்கும். இதன் எதிரி வியர்வை. உள்பக்கம் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, நெற்றியிலும் கன்னத்திலும் படும் இடங்களில் ஃபோம் துண்டுகளை ஒட்டிவிட்டால் பல நிகழ்ச்சிகளுக்குத் தாங்கும். தலைக்கவசத்துக்கும் தோள் ஓட்டுக்கும் இதைவிட மலிவான, நச்சு ஆவி குறைவான கெட்டிப் பொருள் வீட்டில் கிடையாது. ரெசின் வேண்டாம் என்று பெற்றோர் சொல்லும் வீடுகளில் இதுவே ஃபைபரின் இடத்தைப் பிடிக்கும்.

எந்தப் பொருளானாலும் மூட்டுகளுக்கு ஒரே விதிதான். கவசத் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டாமல், உள்ளே போடும் இறுக்கமான உடையில் அகல எலாஸ்டிக்காலும் வெல்க்ரோவாலும் தொங்கவிடுங்கள். தோள் ஓடு மார்புத் தகட்டின்மேல் மிதக்க வேண்டும். கையைத் தூக்கினால் அது கழுத்துப் பக்கம் ஏறி வர இடம் வேண்டும். தொடைத் தகடு இடுப்பு வாரிலிருந்து தொங்கட்டும், பின்பக்கம் திறந்திருக்கட்டும். அப்போதுதான் உட்கார முடியும். பள்ளிப் பைகளில் வரும் பிளாஸ்டிக் பக்கிள்கள் பை தைக்கும் கடைகளில் தனியாகவே கிடைக்கும். உள்ளுடைக்குப் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடினால் கறுப்பு விளையாட்டு உடைகள் மலிவாக அகப்படும். பருத்தியைவிட வியர்வையைச் சீக்கிரம் காயவிடும் செயற்கைத் துணியாகப் பார்த்து எடுங்கள்.

தலைக்கவசத்துக்குள் 40 மி.மீ. அளவுள்ள 5 வோல்ட் மின்விசிறி ஒன்றை, காற்றை வெளியே இழுக்கும் திசையில், உச்சிக்குப் பின்னால் வையுங்கள். கண் விளக்குக்கு எல்இடி பட்டையைக் கண் துளையின் விளிம்பில் மட்டும் ஒட்டி, நடுவில் பார்க்க இடம் விடுங்கள். மின்சாரம் பவர் பேங்கிலிருந்து வரட்டும். அது இடுப்பில் இருக்கட்டும், தலையில் வேண்டாம். வியர்வை படும் கம்பி இணைப்புகளைச் சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தத் தலைக்கவசம் எதையும் தாங்காது. இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. நாம் செய்தது அந்தத் தேர்வின் பக்கமே போகாதது. இதை மாட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டப் படம் எடுக்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். நல்ல தலைக்கவசத்தைத் துளைபோட்டு வேடத்துக்கு மாற்றினால், அதன் பிறகு அது வண்டிக்கும் உதவாது.

ஆக, யாருக்கு எது? பள்ளி மாறுவேடப் போட்டிக்கு எட்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் 4 அல்லது 6 மி.மீ. ஃபோமில் மார்பும் தோளும் மட்டும் செய்யுங்கள். முகத்தை மூடாமல், நெற்றிக்கு மேல் தூக்கிவைக்கும் முகமூடி போதும். பிள்ளை மேடையில் வசனம் பேச வேண்டும் அல்லவா? கல்லூரி விழாவுக்கோ கடற்கரையில் படம் எடுக்கவோ என்றால் உடம்பு முழுக்க 6, 10 மி.மீ. ஃபோம், தலை காகிதக்கூழ், மார்பு வளையம் 3டி அச்சு என்று கலந்து செய்வதே சிறந்தது. பிறந்தநாள் விழாக்களுக்குத் தொழிலாகப் போகிறவருக்குத் தலைக்கவசம் மட்டும் ஃபைபரில் இருக்கலாம், பிள்ளைகள் தட்டுவார்கள், இழுப்பார்கள். உடம்புக்கு ஃபோம்தான், கட்டிப்பிடிக்க வரும் குழந்தையின் கன்னத்தில் ஃபைபர் விளிம்பு படக் கூடாது. வீட்டுக் கூடத்தில் நிறுத்திவைக்கும் காட்சிப் பொருள் என்றால் மட்டும் முழு ஃபைபர் அல்லது முழு அச்சு. அங்கே கனமும் வெப்பமும் கணக்கில் வராது.

போட்டுக்கொள்ளும் நாளுக்கு முன்பு வீட்டிலேயே ஒரு மாலை முழுக் கவசத்தோடு நடந்து, படியேறி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துப் பாருங்கள். மயக்கம் வந்தால் துணைக்கு இருப்பவர் ஒரு நிமிடத்துக்குள் தலைக்கவசத்தையும் மார்புத் தகட்டையும் கழற்ற முடிய வேண்டும். முடியவில்லை என்றால் பக்கிளின் இடத்தை மாற்றுங்கள். துணை இல்லாமல் போடாதீர்கள். நேர் வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றி நிழலில் நில்லுங்கள்.

கழற்றிய பிறகு உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் ஃபோம் வளைவு மாறும். உள்ளுடையை அன்றே துவைத்துவிடுங்கள். தோள், மார்பு ஓடுகளுக்குள் பழைய துணியைத் திணித்து வடிவம் கெடாமல் வைத்து, பாலித்தீன் பைக்குப் பதிலாகப் பருத்தித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், மழை தொடங்கிய பிறகு பூஞ்சை பிடித்தால் காகிதக்கூழை மீட்பது கடினம்.